டைலுக்குக் கீழேயும் அவள்தான்: பூமித்தாய் வழிபாடு பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டம் கைமாறியதால் டவுனில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அம்மாவுக்கு வயது 74. பால் வெட்டப் போன காலத்திலிருந்து, விடியற்காலையில் எழுந்ததும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கால் ஊன்றுவார். இங்கே வந்த பிறகு அதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், “டைலைத் தொட்டு என்னாத்தக் கும்பிடறது, மண்ணே இல்லியே” என்கிறார். வீட்டுக்குள் டைல், வாசலிலும் பின்கட்டிலும் சிமெண்டு. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரவேண்டுமாம். அப்பாவைப் புதைத்த இடத்திலிருந்தும் கொஞ்சம் வேண்டுமாம். இதற்கிடையில் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டப்போகிறோம். அதற்குப் பூமி பூஜை செய்யத்தான் வேண்டுமா? எந்த நாளில், எப்படி? தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் உள்ள நேரத்தையே இங்கும் பார்க்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அம்மாவின் காலை வணக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டட வேலைக்கு நாள் பார்க்கலாம். இதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. நாளை விடிந்ததும் மீண்டும் தொடங்கிவிடலாம்.

அம்மா வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, அவர் செய்துவந்ததற்கு உரிய சுலோகம் இது: “சமுத்ர வசனே தேவி, பர்வத ஸ்தன மண்டலே, விஷ்ணு பத்னி நமஸ்துப்யம், பாத ஸ்பர்சம் க்ஷமஸ்வ மே.” கடலை ஆடையாக உடுத்தியவளே, மலைகளை மார்பாகக் கொண்டவளே, திருமாலின் தேவியே, உன்னை வணங்குகிறேன், என் கால் உன்மேல் படுவதைப் பொறுத்துக்கொள் என்று பொருள். பலர் ‘வசனே’ என்பதை ‘வதனே’ என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். வதனம் என்றால் முகம். இங்கே சொல்லப்படுவது வசனம், அதாவது உடுத்தும் துணி. ‘மண்டலே’ என்பதற்குப் பதில் ‘மண்டிதே’ என்றும் ஒரு பாடம் உண்டு. எதைச் சொன்னாலும் சரிதான்.

இந்தச் சுலோகத்தில் மண் என்ற சொல்லே கிடையாது, கவனித்தீர்களா? ஒரு பிடி மண்ணையோ ஒரு துண்டு நிலத்தையோ பார்த்துச் சொல்லும் வார்த்தைகள் அல்ல இவை. கடலும் மலையும் சேர்ந்த முழு உடம்பையும் ஒருத்தியாகக் கண்டு, அவளை நோக்கிச் சொல்வது. ஈப்போவிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் வழியில் நிற்கிற சுண்ணாம்புக் குன்றுகளும் அவள்தான். அந்த மாதிரிக் கல்லைச் சுட்டுத்தான் சிமெண்டு எடுக்கிறார்கள். களிமண்ணைச் சுட்டுத்தான் டைல் செய்கிறார்கள். அம்மா நிற்பது சுட்ட மண்ணின் மேல். அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அங்கேயும் நம் எடை தூண் வழியாக இறங்கி அவள்மேல்தான் போய் உட்காருகிறது. எத்தனை மாடி ஏறினாலும் அவளை மிதிக்காமல் இருக்க முடியாது என்பதால்தான் மன்னிப்புக் கேட்கிறோம்.

இந்த மன்னிப்புதான் பூமி வழிபாட்டின் உயிர். அதர்வ வேதத்தின் 12ஆம் காண்டம் பூமி சூக்தத்தோடு தொடங்குகிறது. அதில் 63 மந்திரங்கள். 12ஆம் மந்திரத்தில் வருவது, “மாதா பூமி: புத்ரோ அஹம் ப்ருதிவ்யா:”, பூமி என் தாய், நான் அவள் பிள்ளை. இதை எல்லாரும் மேடையில் சொல்வார்கள். உங்களைப் போலக் கடப்பாறை எடுக்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 35ஆம் மந்திரம்: பூமியே, உன்னில் நான் எதைத் தோண்டினாலும் அது விரைவில் வளர்ந்து மூடட்டும், உன் உயிர்நிலையையும் இதயத்தையும் நான் குத்திவிடாமல் இருக்கட்டும். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்” என்று வள்ளுவர் சொன்னதும் இதே தாயைத்தான். மிதிக்குமுன் கேள், வெட்டுமுன் கேள், எடுத்ததில் ஆனதைத் திருப்பிக் கொடு. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இதற்குள் அடங்கிவிடும்.

அம்மாவின் வயதை வைத்து ஒரு எச்சரிக்கை. படுத்திருந்து சட்டென எழுந்து, உடனே குனிந்தால் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலை சுற்றும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். கண் விழித்ததும் கட்டிலிலேயே உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக் கும்பிடட்டும். கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். கட்டில் உயரமாக இருந்தால் குனிந்து தரையைத் தொட வைக்காதீர்கள். பக்கத்தில் முக்காலியில் ஒரு சின்ன மண் அகல் வைத்து, அதில் மண்ணைப் போட்டு வையுங்கள். விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு கால் ஊன்றினால் போதும். சமஸ்கிருதம் வராவிட்டால், “தாயே, மிதிக்கிறேன், பொறுத்துக்கோம்மா” என்று சொன்னாலும் சுலோகத்தின் நாலாவது அடியைச் சொன்னதாகவே ஆகும்.

அந்த அகலில் வைக்கத்தான் தோட்டத்து மண். அம்மா கேட்பது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. குலதெய்வக் கோயிலை விட்டுத் தூரம் போகிறவர்கள் அங்கிருந்து பிடிமண் எடுத்துப்போய், புது ஊரில் அதை வைத்துக் கும்பிடுவது நம்மவர்களிடம் நெடுநாளாக உள்ள வழக்கம்.

எடுக்குமுன் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒன்று கோயில் நிர்வாகம் அல்லது பூசாரி; மற்றது இப்போது நிலத்துக்கு உரிமையாளராக இருக்கும் நிறுவனம். தோட்டம் கைமாறிய பிறகு, பழைய தோட்டத்துக் கிராணியை (எழுத்தரை) தெரியும் என்பதற்காக கேட்டைத் தாண்டிப் போய் வெட்டி எடுப்பது பிற்பாடு கோயில்காரர்களுக்குத் தலைவலியாகலாம். கேட்காமல் எடுக்கும் மண்ணுக்கும் பூமித்தாய் வழிபாட்டுக்கும் சம்பந்தம் இருக்க முடியாது.

கோயிலில் அர்ச்சனை முடிந்த கையோடு, கோயில் எல்லைக்குள் பீடத்தைத் தொடாத ஓர் இடத்தில் எடுக்க வேண்டும். சிலைக்கு அடியிலோ பலிபீடத்தை ஒட்டியோ தோண்டவே கூடாது. அங்கே சிலையைப் பீடத்தில் நிறுத்தும் பிரதிஷ்டை மருந்தும் யந்திரத் தகடும் இருக்கும். எடுக்கும் இடத்தில் மஞ்சள் நீர் தெளித்து, ஒரு பூ வைத்து, அம்மாவே வலது கையால் மூன்று முறை எடுக்கட்டும். மூன்று பிடியும் சேர்ந்தால் ஒரு சின்னத் தேங்காய் மூடி நிறையும். அதற்கு மேல் ஒரு குண்டுமணி அளவும் தேவையில்லை. மூட்டை மூட்டையாய்க் கட்டிக்கொண்டு வருவதில் பெருமை ஒன்றும் கிடையாது. எடுத்த குழியில் கோயில் வாசலிலிருந்து கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுவிட்டு வாருங்கள். மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, வீடு வரும்வரை கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருவது வழக்கம்.

எடுக்கக் கூடாத இடங்கள் இரண்டு. உயிருள்ள புற்றில் வேண்டாம். கறையான் ஈர மண்ணோடு வந்து சேரும், பூஜை அலமாரியோ பலகை. மரத்தடியிலும் களை மருந்து அடிக்கும் வட்டத்திலும் வேண்டாம். பாராகுவாட் போன்ற மருந்துகள் களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொண்டு நெடுநாள் கிடப்பவை; இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் அதற்குத் தடை வந்துவிட்டாலும் பழைய மண்ணில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கிருந்து எடுத்தாலும் தோட்டத்து மண்ணைக் குழந்தைகளின் நெற்றியில் பூசவோ வாயில் வைக்கவோ வேண்டாம். தொட்டு வணங்கினால் போதும், பிறகு கையைக் கழுவிக்கொள்ளலாம். கை கழுவுவது அவமரியாதை ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் தவறு, ஈர மண்ணை அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடுவது. நம் செம்மண்ணில் ஈரம் அதிகம். பத்தே நாளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து வாடை வரும். அதைப் பார்த்து, அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று வீடே கலங்கிப்போகும். வாழை இலையில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு, மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். வேர், சருகு, கல் எல்லாம் பொறுக்கி, மாவுச் சல்லடையில் சலியுங்கள். கட்டியை விரலால் நசுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்து, கையில் மஞ்சள் தூள் மாதிரி ஒட்டினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டி வையுங்கள். மூடி போட வேண்டாம்.

பிடிமண்ணுக்குப் பாலாபிஷேகம் செய்கிறோம் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம், சேறாகிவிடும். காஞ்சிபுரம் ஏகாம்பரேசுவரர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்கு உரியது. அங்குள்ள லிங்கம் மணலால் ஆனது என்பதால் அதன்மேல் நீர் ஊற்றுவதில்லை. அபிஷேகம் லிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்குத்தான், லிங்கத்துக்குப் புனுகு சாத்துவார்கள். அத்தனை பெரிய கோயிலிலேயே மண்ணை மண்ணாக நடத்தும்போது, உங்கள் கலயத்துக்கு ஒரு பூவும் ஒரு சிட்டிகை மஞ்சளும் தாராளம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று: பிடிமண் எடுத்ததால் அங்கே இருக்கும் மாரியம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அவள் இடம் மாறிவிட்டதாகவும் ஆகாது. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போலத்தான். கோயிலையே இடம் மாற்றும் நிலை வந்தால் அது வேறு காரியம். கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூஜை நின்றுபோகாமல் நடத்தி, புது இடத்தில் பிரதிஷ்டை செய்ய வேண்டும். கோயில் கமிட்டியும் குருக்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு குடும்பம் பிடிமண்ணை வைத்துக்கொண்டு செய்வதற்கில்லை. தமிழ்நாட்டுக் குலதெய்வக் கோயில் மண்ணுக்கும் அம்மா ஆசைப்பட்டால், அதைப் பையில் போட்டு விமானத்தில் கொண்டுவரத் துணியாதீர்கள். வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் கொண்டுவர இந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. பயிர் நோய் மண்ணோடுதான் வரும். அங்கிருந்து விபூதி, குங்குமம் போதும்.

அப்பாவைப் புதைத்த இடத்து மண்ணை மட்டும் சுவாமி மண்ணோடு கலக்காதீர்கள், பூஜை அறைக்குள்ளும் வைக்காதீர்கள். அந்த மண்ணும் அதே தாய்தான், அவள் மடியில்தான் அப்பா படுத்திருக்கிறார். ஆனால் நம் முறையில் தெய்வத்துக்கு உரிய இடம் வேறு, நீத்தாருக்கு உரிய இடம் வேறு. அம்மாவின் மனம் தாங்கவில்லை என்றால் அங்கிருந்து ஒரு பிடி எடுத்து வந்து, வாசலில் ஒரு செம்பருத்திச் செடிக்கு அடியில் போட்டுவிடுங்கள். அந்தப் பூவைப் பறித்து அப்பாவின் படத்துக்கு வைக்கலாம். கலயத்தில் அடைத்து வைப்பதைவிட, பூவாக அவர் படத்துக்கு வந்து சேருவது அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். திதி நாளில் அந்த இடத்துக்கே அம்மாவை அழைத்துப் போய், புல்லைச் செதுக்கி, விளக்கேற்றிவிட்டு வாருங்கள். சமாதியைத் தோண்டி எடுத்து மாற்றும் பேச்சு வந்தால், அதற்கு அதிகாரிகளின் அனுமதி தேவை. உங்களாக எதுவும் செய்துவிடாதீர்கள்.

வாசலில் சிமெண்டுதான் என்றாலும் கோலம் போடலாம். கல்மாவுப் பொடியை விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது, வெள்ளிக்கிழமை, அரிசி மாவில் போடச் சொல்லுங்கள். இரண்டு கரண்டி மாவு போதும். பத்து நிமிடத்தில் ஓர் எறும்பு வரும். அரை மணி நேரத்தில் புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரு சாரை ஓடும். மத்தியானத்துக்குள் ஓர் இழை முழுவதும் காணாமல் போயிருக்கும். சிமெண்டு விரிசலுக்குள் அவை இறங்கிப் போகிற இடத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள். மண் இல்லை என்று அவர் சொல்லும் வீட்டில், மண்ணுக்கு வழி எறும்புக்குத் தெரிந்திருக்கிறது.

பூமாதேவியை வீட்டில் உயிரோடு வைத்துக்கொள்ள நல்ல வழி துளசிச் செடி. ஆண்டாளைப் பூமிப் பிராட்டியின் அவதாரம் என்பது வைணவர் கொள்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் அவளைக் கண்டெடுத்ததும் துளசித் தோட்டத்தில்தான். வாய் ஓர் அடி அகலமுள்ள மண் தொட்டி வாங்குங்கள், அடியில் ஓட்டை கட்டாயம். வெறும் செம்மண்ணை நிரப்பினால் இங்கு பெய்யும் மழைக்கு இறுகிப்போய் வேர் அழுகிவிடும். துளசி வாடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், கண்ணேறு அல்ல. மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மேல் மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்மேல் தொட்டியை வையுங்கள்.

இனிப் பூமி பூஜை. சமையலறை நீட்டிப்புக்கு முழு வாஸ்து சாந்தி ஓமம் தேவையில்லை, யார் கட்டாயம் என்று சொன்னாலும் செலவழிக்க வேண்டாம். ஏற்கெனவே குடியிருக்கும் வீடு, அதே மனை. புதிதாக அஸ்திவாரம் தோண்டுகிறீர்கள், அதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும், அவ்வளவே. இங்கே பலர் பூமாதேவியையும் வாஸ்து புருஷனையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். பூமாதேவி நிலமே ஆனவள், தாய். வாஸ்து புருஷன், தேவர்களால் குப்புற அழுத்தப்பட்டு மனைக்குள் படுத்திருப்பவன். 81 கட்டங்களில் 45 தேவதைகளை வைத்துப் பூஜிப்பது அவனுக்காக. தாயிடம் கேட்பது மன்னிப்பு; அவனுக்குச் செய்வது சாந்தி.

வாஸ்து நாள் என்று பஞ்சாங்கம் காட்டுபவை வருடத்தில் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் கிடையாது. இந்த நாட்களில் வாஸ்து புருஷன் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம் விழித்திருந்து, பல் துலக்கி, நீராடி, பூஜை செய்து, உணவு உண்டு, தாம்பூலம் தரிக்கிறான் என்பது ஐதீகம். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். உணவும் தாம்பூலமும் சேர்ந்த கடைசி 36 நிமிடம்தான் நல்ல நேரம். கட்டட வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளரின் வேலை இந்த நாட்களில் ஒன்றோடு ஒத்துவந்தால் நல்லது. வராவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்காமல், வேறொரு சுப நாளில், அம்மாவுக்குச் சந்திராஷ்டமம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யலாம்.

நேரக் கணக்கில்தான் இங்கே அதிகம் பிழை நடக்கிறது. தமிழ்நாட்டு நேரத்தைவிட நம் நேரம் இரண்டரை மணி முன்னால். ஆனால் எல்லாவற்றுக்கும் இரண்டரை மணியைக் கூட்டிவிட முடியாது. திதியும் நட்சத்திரமும் முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம்; அங்கே பகல் 11:00 மணிக்குத் திதி முடிந்தால் இங்கே 1:30. இதற்குக் கூட்டுவது சரி. இராகுகாலம், எமகண்டம், வாஸ்து நேரம் ஆகியவை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுபவை. இவற்றுக்கு நம் ஊர் உதயம்தான் கணக்கு. காலண்டரில் திங்கள் இராகுகாலம் 7:30 முதல் 9:00 வரை என்று போட்டிருப்பது காலை 6:00 மணிக்கு உதயம் என்று வைத்துத்தான். சுங்கை சிப்புட்டில் வருடம் முழுவதும் சூரியன் உதிப்பது சுமார் 7:00 மணிக்கும் 7:30க்கும் இடையில். சித்திரை 10, ஏப்ரல் 23 வாக்கில், உதயம் ஏறத்தாழ 7:05. அன்று திங்களாக இருந்தால் இராகுகாலம் 8:40 முதல் 10:10 வரை. அதே நாளின் வாஸ்து நேரம் உதயத்துக்கு 5 நாழிகை கழித்து, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கும்: 9:05 முதல் 10:35 வரை, அதில் கடைசி 36 நிமிடம் 9:59 முதல். தமிழ்நாட்டுக் காலண்டரில் 8:54 என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் தவறு, இரண்டரை மணி கூட்டி 11:24 என்றாலும் தவறு.

இடம் ஈசான மூலை, நீட்டிக் கட்டும் பகுதியின் வடகிழக்கு. தாமான் வீடுகளில் பின்பக்கம் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் ஓடும், அதன் மூடி சில வேளை அதே மூலையில் இருக்கும். அப்படியானால் பிடிவாதம் பிடிக்காமல் கிழக்கிலோ வடக்கிலோ சுத்தமான இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். நகராண்மைக் கழக அனுமதி கையில் வந்த பிறகே நாள் குறியுங்கள்.

உங்கள் பின்கட்டில் சிமெண்டுத் தளம் இருப்பதால் முதல் நாளே இரண்டடிச் சதுரம் அறுத்து எடுக்கச் சொல்ல வேண்டும். எந்திரம் தளத்தைத் தொடுமுன் ஒரு சூடம் காட்டிக் கும்பிட்டுவிடுங்கள். தளத்துக்குள் பி.ஆர்.சி. கம்பி வலையும், அடியில் கல், மணல் நிரப்பும் இருக்கும். அதையெல்லாம் எடுத்தால்தான் மண் தெரியும். அந்த நேரத்தில் அம்மாவை அழைத்துவந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இத்தனை நாளாக அவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது முழங்கால் ஆழத்தில் ஈரமாக இருப்பதை அவரே பார்க்கட்டும்.

பூஜையன்று மஞ்சள் நீர் தெளித்து, கிழக்கு முகமாக உட்கார்ந்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் சாத்துங்கள். செம்புச் சொம்பில் முக்கால் பாகம் நீர், ஐந்து மாவிலை, மேலே தேங்காய். மண்ணைச் சிறு மேடாகக் குவித்து மஞ்சள் குங்குமம் வைத்துப் பூமாதேவியாக ஆவாகனம் செய்யுங்கள். சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம். மண்வெட்டியின் பிடிக்கும் கடப்பாறைக்கும் பொட்டு வையுங்கள். குருக்கள் வந்தால் மந்திரம் அவர் சொல்வார், வராவிட்டால் மேலே சொன்ன சுலோகத்தோடு 35ஆம் மந்திரத்தின் பொருளைத் தமிழில் சொல்லுங்கள். முதல் வெட்டு அம்மாவுடையதாக இருக்கட்டும். அவர் மண்வெட்டியைத் தொட, நீங்கள் பிடித்து மூன்று முறை மெல்லக் கொத்தினால் சரி. இந்த முதல் மண்ணை வாழை இலையில் தனியாக வையுங்கள். கடைசியில் குழிக்குள் திரும்பிப் போக வேண்டியது இது.

ஒரு முழ நீளம், அகலம், ஆழத்தில் குழி. பழைய நூல்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டால் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், பற்றாவிட்டால் ஆகாது. இன்னொன்று, குழியில் நீர் நிறைத்து நூறு அடி நடந்து திரும்பி வந்து பார்ப்பது. நீர் இறங்காமல் நின்றால் நல்லது. பற்றாமல் போனால் தோஷம் என்று பயப்படாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். நிரப்பு மண் இறுகாமல் கிடக்கிறது என்று அவள் காட்டுகிறாள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கக் குழிகளை நிரப்பிய மனைகள் பல உண்டு. குத்தகையாளரிடம் காட்டி, அஸ்திவாரம் இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா என்று கேளுங்கள்.

குழிக்குள் போடுவதில் கை சுருக்கம் வேண்டும். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு ஒன்பதும் சேர்ந்து ஒரு கைப்பிடி. பால் அரை டம்ளர். நவரத்தினமும் பஞ்சலோகமும் கடையில் கிடைக்கும் சின்னப் பொட்டலம் ஒன்று. பொட்டலத்தின் பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுத்துவிடுங்கள். மந்திரம் சொல்லி அவள் வயிற்றில் பிளாஸ்டிக்கைப் புதைக்கக் கூடாது. அந்த இடத்தில்தான் தூண் அடித்தளம் வரப்போகிறது என்றால் தானியம், தேங்காய், பூ எதையும் புதைக்க வேண்டாம். அவை மக்கி, அடியில் வெற்றிடம் விழும். அங்கே உலோகமும் கல்லும் மட்டும். அடித்தளம் இன்னும் ஆழமாகப் போகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூஜையன்று புதைத்ததை மறுநாளே எந்திரம் கிளறி வெளியே கொட்டுவது அடிக்கடி நடக்கிறது.

சூடம் காட்டிய பின் வாழை இலை மண்ணை அம்மா கையால் குழிக்குள் போடச் சொல்லுங்கள். மிச்ச மண்ணை அரையடிக்கு ஒரு முறை இடித்து இறுக்கி மூடுங்கள். கலச நீரைத் துளசிக்கு விட்டுவிடுங்கள், உடைத்த தேங்காய் மூடிகளைப் பின்கட்டில் போட்டு வைக்காதீர்கள், மழைநீர் தேங்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வரும் மண்ணைக் குத்தகையாளர் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்கு முன் கல், சிமெண்டுத் துண்டு கலக்காத அடிமண்ணாகப் பார்த்து இரண்டு வாளி ஒதுக்கி வையுங்கள். துளசித் தொட்டிக்கும் அப்பாவின் செம்பருத்திக்கும் அந்த மண்ணையே போடலாம். கட்டிலோரத்து அகலில் பிடிமண்ணோடு ஒரு சிட்டிகை இதையும் சேர்த்து வையுங்கள்.